எப்சிலானுக்குத் தீவு கிடையாது

ஆல்டஸ் ஹக்ஸ்லி 1932இல் வெளியிட்ட ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ நாவலைப் பற்றி எந்த விமர்சகரைக் கேட்டாலும் ஒரே பாட்டுதான்: தனிமனித சுதந்திரம் பறிபோகும் எதிர்காலம் பற்றிய எச்சரிக்கையாம். யாருடைய சுதந்திரம் என்று நான் கேட்கிறேன்.

அங்கே மனிதர்கள் புட்டியில் உருவாகிறார்கள். ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா, எப்சிலான் என்று ஐந்து அடுக்கு. இந்த அடுக்குகளை ஹக்ஸ்லி ‘காஸ்ட்’ என்றே எழுதுகிறார். 1925-26இல் இந்தியாவைச் சுற்றிவிட்டுப் பயணநூல் போட்ட ஆள், அந்தச் சொல்லின் கனம் தெரியாமலா எழுதியிருப்பார்? எப்சிலான் கருவுக்குப் பிராணவாயுவைக் குறைக்கிறார்கள், மூளை மழுங்கட்டும் என்று. டெல்டாக் குழந்தை தவழ்ந்துபோய்ப் புத்தகத்தைத் தொட்டால் மின்சார அதிர்ச்சி. வேதம் கேட்ட காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்ன சாத்திரம் இருக்கிற நாட்டில் இதைப்போய் எதிர்காலம்ங்கறாங்க!

சரி, நாவலில் முரண்டு பிடிப்பவர்கள் யார்? பெர்னார்டும் ஹெல்ம்ஹோல்ட்ஸும் ஆல்ஃபா பிளஸ். வெளியே பிறந்த ஜானும் ஆல்ஃபாவின் மகன்தான். முதல் இருவருக்கும் தண்டனையாகத் தீவு. அங்கே சுயமாய்ச் சிந்திக்கிறவர்களோடு சுகமாக இருக்கலாம். ஜான் விடுதலை தருகிறேன் என்று சோமா மாத்திரைகளை ஜன்னல் வழியே எறிய, 162 டெல்டாக்கள் அவன்மேல் பாய்கிறார்கள். இத்தனை பேருக்கும் இரண்டே முகம்: 84 பேருக்கு ஒன்று, 78 பேருக்கு ஒன்று. வெல்ஸின் ‘டைம் மெஷி’னிலும் (1895) இதே கதிதான். நிலத்தடியில் இயந்திரம் ஓட்டும் மார்லாக்குகள் மனிதக்கறி தின்னும் பூதங்கள். பயணியின் பரிவெல்லாம் மேலே வெயிலில் ஆடித்திரியும் ஈலோய்களுக்கு.

எனக்கு ஆத்திரம் வருவது சைப்ரஸ் கதையில். எல்லாரையும் ஆல்ஃபாவாக்கினால் என்ன என்று ஜான் கேட்க, ஆட்சியாளன் முஸ்தபா மாண்ட் பழைய சோதனை ஒன்றைச் சொல்கிறான். 22,000 ஆல்ஃபாக்களை அந்தத் தீவில் குடியேற்றினார்களாம். கீழ்வேலையில் போடப்பட்டவன் மேல்வேலைக்குச் சதி செய்ய, உள்நாட்டுப் போரில் 19,000 பேர் செத்தார்களாம். ஆகவே 9இல் 8 பங்கு மக்கள் பனிப்பாறைபோலத் தண்ணீருக்கடியில்தான் கிடக்க வேண்டுமாம்! வேலையைப் பங்குபோட்டுக்கொள்ளத் தெரியாமல் வெட்டிக்கொண்டது ஆல்ஃபா. பழியைச் சுமப்பது எப்சிலான். கருவிலே மூச்சைத் திருடாமல் விட்டுப் பார்த்தீர்களா என்று எதிரே நிற்கும் மூவரில் ஒருத்தரும் கேட்கவில்லையே.

அங்கதம்தானய்யா, ஹக்ஸ்லியா மாண்ட்டை ஆதரிக்கிறார் என்பார்கள் நண்பர்கள். இருக்கட்டும். மின்தூக்கி இயக்கும் ஓர் எப்சிலானை ஹக்ஸ்லி குரங்கோடு ஒப்பிட்டே அறிமுகம் செய்கிறாரே, அது யாருடைய கண்? மொட்டைமாடியில் கதவு திறந்ததும் அவன் வெயிலைப் பார்த்துப் பூரித்துப்போகிறான். உடனே ஒலிபெருக்கி கீழே இறங்கச் சொல்கிறது. கதை ஆல்ஃபாக்களோடு மாடியில் நடந்துபோய்விடுகிறது.