பயந்தவரைக் கேலி செய்யாதீங்க, பதில் சொல்லுங்க!



முப்பது வயசுக்காரர் ஒருத்தர் ஜிம்மில் மயங்கி விழுந்து இறந்துட்டார்னு ஒரு செய்தி வந்தா போதும். அடுத்த பத்து நிமிஷத்துல கமெண்ட்டில் ரெண்டு கோஷ்டி வந்துடும். "எல்லாம் அந்த ஊசியாலதான்" என்று ஒரு கோஷ்டி. "இன்னுமா இதை நம்புறீங்க, முட்டாள்களா" என்று இன்னொரு கோஷ்டி. கொரோனா அவசரநிலை முடிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்றே அறிவித்துவிட்டது. இந்தச் சண்டை மட்டும் இன்னும் முடியல.

நம்ம தோழர்கள் பலர் அந்த ரெண்டாவது கோஷ்டியில நிக்கிறதைப் பார்க்கிறோம். அறிவியல் பக்கம் நிற்பது சரிதான். ஆனா பயந்துபோன மனுஷனை "முட்டாள்" என்று சொல்லி யாரையும் நம்ம பக்கம் கொண்டுவர முடியாது. அதைப் பத்திதான் இந்தப் பதிவு.

முதல்ல உரிமையைப் பேசுவோம்.

"என் உடம்பு, ஊசி வேணுமா வேணாமான்னு நான்தான் முடிவு பண்ணுவேன்" என்று ஒருவர் சொன்னால், அது வீம்பு இல்லை, சட்டம். டாக்டர் ஜேக்கப் புலியேல் தொடர்ந்த வழக்கில் 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொன்னது. யாரையும் கட்டாயப்படுத்தித் தடுப்பூசி போட முடியாது, தன் உடல் மீதான உரிமை அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவுக்குள் வருகிறது என்றது. அந்த வழக்கில் கட்டுப்பாடுகளை ஆதரித்து வாதாடிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

அதே தீர்ப்பில் இன்னும் இரண்டு விஷயங்கள் இருக்கு. பொதுமக்கள் நலனுக்காக அரசு அளவான கட்டுப்பாடுகளை விதிக்கலாம், ஆனால் அதற்கான ஆதாரத்தைக் காட்ட வேண்டும் என்பது ஒன்று. தடுப்பூசியால் வரும் பக்கவிளைவுகளை மக்களும் தனியார் மருத்துவர்களும் பதிவு செய்ய வழி இருக்கணும், அந்த விவரங்கள் பொதுவெளியில் இருக்கணும் என்பது இன்னொன்று. ஆக, முடிவு எடுக்கிற உரிமையும் உண்மையைத் தெரிஞ்சுக்கிற உரிமையும் சேர்ந்தே வருது. ரெண்டாவது இல்லைன்னா முதலாவது வெறும் பேப்பர்தான்.

சரி, ஊசி உயிரைக் காப்பாத்துச்சா? காப்பாத்துச்சு. கணக்கு நம்ம ஊரிலேயே இருக்கு.

இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தப்ப, 2021 ஏப்ரல் 13 முதல் மே 14 வரை, தமிழ்நாடு காவல்துறையில் கொரோனாவால் இறந்தவர்களைப் பற்றி ஐ.சி.எம்.ஆரின் சென்னை தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் ஆய்வு செய்தது. மொத்தம் 1,17,524 காவலர்கள். ஊசியே போடாதவர்கள் 17,059 பேர், அவர்களில் இறந்தது 20 பேர். ஒரு டோஸ் போட்டவர்கள் 32,792 பேர், இறந்தது 7 பேர். இரண்டு டோஸும் போட்டவர்கள் 67,673 பேர், இறந்தது 4 பேர். அதாவது போடாதவர்களில் சுமார் 850 பேருக்கு ஒருவர். இரண்டு டோஸ் போட்டவர்களில் சுமார் 17,000 பேருக்கு ஒருவர். எல்லாரும் ஒரே காக்கி, ஒரே வேலை, ஒரே வெயில்.

இந்தக் கணக்கு அன்னைக்கு எத்தனை டீக்கடைக்கு வந்துச்சு? எத்தனை ரேஷன் கடை வாசல்ல ஒட்டினாங்க? வந்தது வேற ஒரு செய்தி.

2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக், சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கிட்டு, எல்லாரும் போட்டுக்கங்கன்னு சொன்னார். மறுநாள் மாரடைப்பு. 17-ஆம் தேதி அதிகாலை இறந்துட்டார். இதயத்தின் முக்கிய ரத்தக்குழாய் முழுசா அடைபட்டிருந்தது, ஊசிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னு மருத்துவர்கள் உடனே சொன்னாங்க. மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று பக்கவிளைவுகளை ஆராயும் தேசியக் குழுவின் முடிவு வந்தது அக்டோபரில். இந்த ஆறு மாச இடைவெளியில் வாட்ஸ்அப் சும்மா இருக்குமா?

அந்த இடைவெளி எங்க வீட்டுக்குள்ளேயும் வந்தது. அம்மாவுக்கு 58 வயசு, சர்க்கரை இருக்கு. விவேக் செய்தி வந்த வாரம் ஊசிக்குப் போக வேண்டியவங்க, "நான் வரல" என்று உட்கார்ந்துட்டாங்க. மே மாசம் வீட்டுல எல்லாருக்கும் தொற்று. ஒரு டோஸ் போட்டிருந்த அப்பாவுக்கு நாலு நாள் காய்ச்சலோட போச்சு. அம்மாவுக்கு ஆக்சிஜன் அளவு 88-க்கு இறங்கி, ஆறு நாள் அரசு மருத்துவமனையில் ஆக்சிஜன் வச்சுத்தான் மீட்டாங்க. ஒரு குடும்பத்தை வச்சு ஊசியோட பலனை அளக்க முடியாது, அதுக்குத்தான் மேல சொன்ன காவலர் கணக்கு. நான் சொல்ல வர்றது அதுக்குப் பிறகு நடந்தது.

பிழைச்சு வந்த பிறகும் அம்மா ஊசிக்குச் சம்மதிக்கல. ரேஷன் கடையில் ஒருத்தர், "ஊசி போடலைன்னா அடுத்த மாசம் அரிசி கிடையாது" என்று மிரட்டினார். அம்மா இன்னும் இறுகிட்டாங்க. சொந்தக்காரப் பையன் ஒருத்தன், "படிக்காதவங்க இப்படித்தான்" என்று குடும்பக் குரூப்ல போட்டான். அம்மா குரூப்பை விட்டே வெளியே போயிட்டாங்க.

கடைசியில் மனசை மாத்தினது எங்க ஊர் கிராம சுகாதார செவிலியர். இருபத்தஞ்சு வருஷம் முன்னாடி எனக்குச் சொட்டு மருந்து குடுத்த அதே அம்மா. திண்ணையில உட்கார்ந்து அரை மணி நேரம் கேட்டாங்க. சர்க்கரை மாத்திரை சாப்பிடுறேனே, போடலாமா? விவேக் எப்படிச் செத்தார்? ஒவ்வொன்னுக்கும் பதில் சொன்னாங்க. "ரெண்டு நாள் காய்ச்சல் வரும், கை வலிக்கும். அதுக்கு மேல ஏதாவதுன்னா ராத்திரியானாலும் எனக்கு போன் பண்ணுங்கக்கா" என்று சொல்லி நம்பரை எழுதிக் குடுத்தாங்க. அடுத்த ஞாயிற்றுக்கிழமை முகாமுக்கு அம்மா தானாவே கிளம்பிட்டாங்க.

மிரட்டலும் கேலியும் சாதிக்காததை அரை மணி நேரப் பேச்சு சாதிச்சது. இது எங்க வீட்டுக்கு மட்டும் பொருந்துற கதை இல்லை. அதே 2021 செப்டம்பரில் நீலகிரியில் ஊசிச் சான்றிதழ் காட்டினால்தான் டாஸ்மாக்கில் சரக்கு என்று உத்தரவு போட்டார்கள். சான்றிதழ் கூடியிருக்கும். நம்பிக்கை கூடுமா?

"படிக்காதவன்தான் பயப்படுறான்" என்ற பேச்சையும் விடணும். 1955-ல் பி.சி.ஜி. காசநோய்த் தடுப்பூசி இயக்கத்தை எதிர்த்துத் தனிப் பிரசுரமே எழுதியவர் ராஜாஜி. கவர்னர் ஜெனரலாகவும் முதலமைச்சராகவும் இருந்தவருக்கே சந்தேகம் வந்தது. நம்ம தெரு அக்காவுக்கு வரக்கூடாதா?

இன்னொன்னு, மறைக்காமப் பேசணும். கோவிஷீல்டு வகை ஊசியால் மிக அரிதாக, ரத்தம் உறைந்து தட்டணுக்கள் குறைகிற பாதிப்பு வரும். இதை ஐரோப்பிய மருந்து முகமை 2021 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. அடுத்த மாதம் நம் மத்திய சுகாதார அமைச்சகமும் செய்திக்குறிப்பு விட்டது. ஆனா நம்ம ஜனங்களில் பலர் இதை முதல்முறையாகக் கேட்டது 2024-ல், பிரிட்டன் நீதிமன்றத்தில் அஸ்ட்ராஜெனெகா ஒப்புக்கொண்ட செய்தி வந்தப்பதான். மூணு வருஷம் கழிச்சுக் காதுக்கு வர்ற உண்மை, "மறைச்சுட்டாங்க" என்றுதான் கேட்கும்.

திடீர் மரணங்களுக்கும் பதில் இருக்கு. 18 முதல் 45 வயதுக்குள் காரணம் தெரியாமல் திடீரென இறந்த 729 பேரின் விவரங்களை, ஒப்பீட்டுக்கு எடுத்த 2,916 பேரோடு வச்சு ஐ.சி.எம்.ஆர். ஆராய்ந்தது. 2023-ல் வந்த முடிவு: தடுப்பூசி ஆபத்தைக் கூட்டல, இரண்டு டோஸ் போட்டவர்களுக்கு ஆபத்து குறைவாகவே இருந்தது. கூட்டியவை கொரோனாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்திருந்தது, குடும்பத்தில் திடீர் மரணம் நடந்திருந்தது, கடைசி இரண்டு நாளில் அளவுமீறிய குடி, போதைப்பொருள், கடுமையான உடற்பயிற்சி. கமெண்ட்டில் "முட்டாள்" என்று எழுதுற நேரத்துல இதை எழுதலாமே?

கடைசியா, தனிமனித முடிவு பத்தி. எங்க தெருவில் எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருத்தர் இன்னைக்கு வரைக்கும் ஊசி போடல. அவர்கிட்ட நான் சண்டை போடல. ஆனா காய்ச்சல் வந்தா மாஸ்க் போட்டுக்கிட்டு வீட்டோட இருப்பார், வயசானவங்க வீட்டுப் பக்கம் போகமாட்டார். ஊசி வேண்டாம் என்பது அவர் உரிமை. இருமிக்கிட்டே கூட்டத்துக்குள்ள வர்றது யாருடைய உரிமையும் இல்லை.

ஒன்னு யோசிங்க தோழர்களே. அந்த நாலு நாள் அவருக்குக் கூலி யார் குடுப்பா? ஒரே அறையில ஆறு பேர் படுக்கிற வீட்டுல "தனிமைப்படுத்திக்கோ" என்றால் எங்கே போவாங்க? காசு இருக்கிறவனுக்கு மட்டும் கைக்கு எட்டுறதை "தனிமனித விருப்பம்" என்று சொல்றது பெரிய ஏமாற்று. அதனால அரசுகளிடம் நாம் கேட்பது இவை:

• தடுப்பூசிப் பக்கவிளைவு விவரங்களைத் தமிழில், சாதாரண ஆளுக்குப் புரிகிற மாதிரி, தாமதமில்லாமல் வெளியிடுங்கள்.
• உண்மையாகவே பாதிக்கப்பட்டவர்கள் நீதிமன்ற வாசலில் நிற்காமல் இழப்பீடு பெற வழி செய்யுங்கள்.
• காலியாக இருக்கும் கிராம சுகாதார செவிலியர் பணியிடங்களை நிரப்புங்கள்.
• அன்றாடக் கூலிக்காரருக்கும் சம்பளத்தோடு நோய் விடுப்பு கிடைக்கச் செய்யுங்கள்.

உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. அடுத்த முறை "ஊசிதான் காரணமா?" என்று யாராவது கேட்டால், சிரிப்பு எமோஜி போடாதீங்க. காவலர் கணக்கைச் சொல்லுங்க, அரிதான பக்கவிளைவையும் சொல்லுங்க. கேட்டுட்டு, முடிவை அவர் எடுக்கட்டும்.

படிச்சது சரின்னு பட்டா உங்க குடும்பக் குரூப்புக்குப் பகிருங்கள். முக்கியமா, கோவிச்சுக்கிட்டு வெளியே போனவங்களுக்குத் தனியா அனுப்புங்க.