குண்டு எழுத்தும் கண் முகாம் நோட்டீஸும்



இன்று கொஞ்சம் சண்டை போடப் போகிறேன். தருமபுரியிலும் பாலக்கோட்டிலும் அரூரிலும் டி.டி.பி. சென்டர், ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் என் பிள்ளைகளோடுதான் முதலில்.

இப்போது எந்த நோட்டீஸை எடுத்தாலும் கொழுக்கட்டை பிடித்து வைத்ததுபோல் குண்டு எழுத்து. 'பலூ தம்பி' என்ற எழுத்துருவும் அதன் சாயலில் வருபவையும். மும்பையில் உள்ள எக் டைப் குழு உருவாக்கியது அது. இந்தியில் பாலு என்றால் கரடி; எழுத்தும் அப்படித்தான், கொழுகொழு என்று. தமிழுக்குத் தம்பி, தெலுங்குக்குத் தம்முடு, கன்னடத்துக்குத் தம்மா, மலையாளத்துக்குச் சேட்டன் என்று உறவுமுறையாலேயே பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த மொழிகளெல்லாம் சந்தையில் காதில் விழும் நம் பக்கத்துக்காரர்களுக்கு அது பிடிக்காமல் போகுமா? எனக்கும் பிடிக்கும். டீக்கடைப் பலகை, கபடிப் போட்டி பேனர், குழந்தைகள் புத்தக அட்டை, இங்கெல்லாம் அது சிரித்துக்கொண்டு நிற்கும். இரண்டு மூன்று சொற்களைப் பெரிதாகக் காட்டப் பிறந்த எழுத்து.

அதில் இருபது வரி நோட்டீஸை முழுக்க அடிப்பது என்ன நியாயம்? கண்ணீர் அஞ்சலி போஸ்டரைக்கூட அதில் அடிக்கிறீர்கள். செத்தவர் வீட்டில் எழுத்து துள்ளிக் குதிக்கிறது.

போன மாதம் எங்கள் தெருவில் கண் சிகிச்சை முகாம் நோட்டீஸ் கொடுத்தார்கள். கண்புரை உள்ளவர்கள் படிக்க வேண்டிய காகிதம்! தலைப்பு முதல் போன் நம்பர் வரை ஒரே குண்டு. சிவப்பு எழுத்துக்கு மஞ்சள் விளிம்பு வேறு. முகாம் காலை 6 மணிக்கா, 8 மணிக்கா? நம்பரின் கடைசியில் இருப்பது 3-ஆ, 8-ஆ? பக்கத்து வீட்டுப் பாட்டி 6 மணிக்கே போய், இரண்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"தடியாக இருந்தால்தானே சார் தெரியும்?" என்பீர்கள். பெரிதாக அடித்தால் தெரியும், சிறிதாக்கினால் அடைத்துக்கொள்ளும். எழுத்தை நாம் அடையாளம் காண்பது மையால் மட்டுமல்ல, அதற்குள் இருக்கும் வெள்ளையாலும்தான். ண, ன இரண்டுக்கும் ஒரு சுழிதானே வித்தியாசம்? அது அடைபட்டால் மணவிழா மனவிழா ஆகிவிடும். இரட்டைக்கொம்பு ஒற்றைக்கொம்பாகத் தெரிந்தால் 'மேல்' என்பது 'மெல்' ஆகும். புள்ளி எழுத்தோடு ஒட்டினால் 'கல்' வெறும் 'கல'. ஒன்றாம் வகுப்பில் மணலில் விரல் பிடித்துப் பழக்கிய சுழிகளடா இவை!

இன்னொன்று. இங்கிலீஷில் 'சேல்' என்று நாலு எழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. நமக்கு 'கொண்டாடப்படவிருக்கிறது'. அதைக் குண்டாக்கி, ஒரே வரியில் அடக்கப் பக்கவாட்டில் நசுக்கிவிட்டால் அப்புறம் எந்தக் கண் படிக்கும்?

பலூவைச் செய்தவர்களுக்கே இது தெரிந்திருக்கிறது. முதலில் ஒரே கனத்தில் வந்த தம்பி, பிறகு 'பலூ தம்பி 2' என்று ஐந்து கனங்களில் வந்துவிட்டான். கூகுள் எழுத்துருத் தளத்தில் இலவசம். தலைப்புக்குக் குண்டுத் தம்பி, விவரத்துக்கு ஒல்லித் தம்பி. மௌஸை இரண்டு முறை அழுத்தும் வேலை, அதற்கும் சோம்பலா?

அடுத்த முகாமுக்கு நோட்டீஸ் அடிப்பவர் யாராவது இதைப் படித்தால், நேரத்தையும் போன் நம்பரையுமாவது மெல்லிய எழுத்தில், கறுப்பில், பெரிதாகப் போடுங்கள். அச்சுக்குப் போகுமுன் வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்புங்கள். பார்த்துத் திருத்தித் தருகிறேன், காசு வேண்டாம்.