ஐந்து நாளுக்கு ஒருமுறை வருபவர்

பேஸ்பால் சீசன் நடுவே நட்சத்திர பிட்சர் ஒருவரை வாங்கிவிட்டால் பிளே-ஆஃப் இடம் உறுதி என்கிறவர்கள், 2008-ல் மில்வாக்கி புரூவர்ஸுக்கு வந்த சி.சி. சபாத்தியாவைத் தவறாமல் சாட்சிக்கு அழைக்கிறார்கள். 11 வெற்றி, 2 தோல்வி. அசுரத்தனமான பந்துவீச்சு, மறுக்கவே முடியாது. ஆனால் அந்த அணி உள்ளே நுழைந்தது எப்படி? கடைசி நாளில், ஒரே ஒரு ஆட்ட வித்தியாசத்தில்! மூன்றே நாள் ஓய்வில் வந்து முழு ஆட்டத்தையும் அவர் வீசியும், எட்டாவது இன்னிங்ஸ் வரை 1-1 என்றே இழுத்தது. ரயன் பிரவுனின் ஹோம் ரன்தான் முடிச்சை அவிழ்த்தது. அதே இடத்துக்குப் போட்டியிட்ட நியூயார்க் மெட்ஸ் அன்று ஜெயித்திருந்தால் இன்னொரு ஆட்டம் ஆடித்தான் தீர்த்திருக்க வேண்டும். இதற்குப் பெயர் உறுதியா?

2014 ஓக்லாண்ட் அணியைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை? ஜூலை 31 அன்று, அடித்து ஆடும் செஸ்பெடஸைக் கொடுத்து பிட்சர் ஜான் லெஸ்டரை வாங்கினார்கள். லெஸ்டர் குறை வைக்கவில்லை. அணியோ அதன்பின் 22 வென்று 33 தோற்றது. தொடக்க பிட்சர் ஐந்து நாளுக்கு ஒருமுறைதான் களமிறங்குவார். அந்த 55 ஆட்டங்களில் லெஸ்டர் வீசியது 11. மிச்சம் 44-ல் ரன் எடுக்க வேண்டியவரைத்தானே விற்றுவிட்டார்கள்? கடைசி நாளில் வைல்டு கார்டு பிளே-ஆஃப் இடத்தை மீட்டுத் தந்ததுகூட லெஸ்டர் அல்ல, அந்த அணியே வளர்த்தெடுத்த சன்னி கிரே.