நைட் ஷிப்ட்காரருக்கு எது காலை?



அதிகாலை நாலரைக்கு எழு, குளி, கிழக்கு பார்த்து உட்கார் என்று தியானப் புத்தகங்கள் பெரும்பாலும் ஒரே குரலில் சொல்கின்றன. அவற்றை எழுதியவர்களில் ஒருவரையாவது ஒரு மாதம் நெய்வேலியில் குடிவைத்துப் பார்க்க எனக்கு ஆசை. அங்கே சுரங்கம் ராப்பகல் ஓடுகிறது. வேலை மூன்று ஷிப்ட். ஒரு வீட்டு வாசலில் கோலம் விழும் நேரத்தில், பக்கத்து வீட்டுக்காரர் நைட் முடித்து, காலி டிபன் பாக்ஸும் சிவந்த கண்ணுமாக வந்து இறங்குவார். அவருக்கு அது ராத்திரி. ஜன்னலில் போர்வையைக் கட்டி, ஃபேனைக் கூட்டி வைத்து, பிள்ளைகளைச் சத்தம் போடாமல் பள்ளிக்குக் கிளப்ப வேண்டும்.

அந்த ஊர் வாசகி ஒருவர் எழுதியிருந்தார்: கணவருக்கு ஷிப்ட் மாறும்போதெல்லாம் என் தியானம் அறுந்துபோகிறது, என்ன செய்ய?

பதிலைத் தேடி இமயமலை போக வேண்டாம். நெய்வேலியிலிருந்து பஸ் ஏறினால் வடலூர். அந்த ஊர் வள்ளலார் எழுதிய நித்திய கரும விதியில் ஒரு நாளின் காலை முழுக்க இருக்கிறது. சூரியன் வருமுன் எழுந்திருப்பது, திருநீறு பூசிச் சிறிது நேரம் உட்கார்ந்து கடவுளை நினைப்பது, பிறகு பாக்கு வெற்றிலை, பல் துலக்க ஆலம் விழுது அல்லது வேலங்குச்சி, அப்புறம் கரிசலாங்கண்ணி என்று போகிறது. இதில் என்னைக் கவர்ந்தது, தியானம் தனியாக ஒரு பீடத்தில் ஏறி உட்காராததுதான். பல் துலக்குவதற்கு முன் வருகிற ஒரு வேலையாக அது இருக்கிறது. எழுந்ததும் இது, இது முடிந்ததும் அது என்ற வரிசை இருந்தால் போதும், கடிகாரம் பகல் பன்னிரண்டு காட்டினாலும் வரிசை அறுவதில்லை. வாசகிக்கும் அவர் கணவருக்கும் நான் சொல்வது இதைத்தான்: தியானத்தை மணியோடு கட்டாதீர்கள், எழுந்திருப்பதோடு கட்டுங்கள். நைட் முடித்தவர் தூங்கி எழுந்து முகம் கழுவும் நேரமே அவருடைய விடியல்.

வள்ளலார் தூக்கத்தை வெகுவாகக் குறைக்கச் சொன்னவர். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ராத்திரி முழுக்கக் கண்விழித்து எந்திரத்தோடு நிற்பவர் தியானத்துக்காகத் தூக்கத்தில் கைவைக்கக் கூடாது. வீடு திரும்பும் வழியில் முகத்தில் விழும் வெயிலே உடம்பின் உள்கடிகாரத்தை 'விழித்திரு' என்று தூண்டிவிடும். படுத்தாலும் தூக்கம் பிடிக்காது. அப்போது செய்ய வேண்டியது படுத்தபடியே மூச்சை மெல்ல விடுவது மட்டும். நடுவில் தூங்கிப்போனால் ரொம்ப நல்லது!

எவ்வளவு நேரம் என்பதிலும் வீண் பயம் வேண்டாம். ஹார்வர்டு மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் தியானம் செய்பவர்களின் உடம்பை ஆராய்ந்து 1975-இல் ஒரு புத்தகம் எழுதினார். அவர் சொன்ன முறையில் முக்கியமானவை இரண்டே: ஒரு சொல்லையோ ஒலியையோ திரும்பத் திரும்ப மனதில் சொல்வது, நினைப்பு எங்காவது ஓடினால் சலித்துக்கொள்ளாமல் அந்தச் சொல்லுக்கே திரும்பி வருவது. பத்திலிருந்து இருபது நிமிடம். வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் கூடாது என்பார். முருகா என்றாலும் சரி, அருட்பெருஞ்ஜோதி என்றாலும் சரி, அல்லா, ஏசுவே என்றாலும் சரி.

சும்மா உட்கார முடியவில்லை, முதுகு பிடிக்கிறது என்பவர்களுக்கு வேதாத்திரி மகரிஷியின் வழி பொருந்தும். கூடுவாஞ்சேரியில் நெசவுக் குடும்பத்தில் 1911-இல் பிறந்து, தறியும் வியாபாரமும் குடும்பமுமாக வாழ்ந்தவர் அவர். அதனால்தானோ என்னவோ, கை, கால், மூச்சு, கண் என்று எளிய உடற்பயிற்சியையும் தியானத்தோடு சேர்த்து வைத்தார். பல ஊர்களில் அவருடைய மனவளக்கலை மன்றம் இருக்கிறது, நேரில் கற்றுக்கொள்ளலாம்.

வடலூரைப் பற்றி இன்னும் ஒன்று. தைப்பூசத்தன்று வள்ளலாரின் சத்திய ஞான சபையில் ஏழு திரை நீக்கி ஜோதி காட்டுவது ஒரே முறை இல்லை. காலை 6, 10, பகல் 1, இரவு 7, 10, மறுநாள் விடிகாலை 5.30 என்று ஆறு முறை. எந்த ஷிப்ட்காரருக்கும் ஒன்றாவது கிடைத்துவிடும். அங்கே பசித்தவர்களுக்குச் சோறிட வள்ளலார் 1867-இல் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் அணையவில்லை. நெய்வேலியில் 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம்கூட 2020-இல் ஓய்வு பெற்றுவிட்டது.

ஆனால் கடிதம் எழுதிய அந்த வாசகிக்கு ஓய்வு ஏது? கணவருக்கு எந்த ஷிப்டானாலும் அவருக்குக் காலை ஒன்றுதான்: பால், இட்லி, குக்கர் விசில், டிபன் பாக்ஸ், காணாமல் போன ஒற்றை சாக்ஸ். அந்த நேரத்தில் கண்ணை மூடினால் பால் பொங்கிவிடும். பிள்ளைகள் போன பிறகு, சிங்க்கில் பாத்திரம் கிடக்கட்டும் என்று விட்டு, கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் உட்காரலாம். பாத்திரத்தைக் கழுவிவிட்டு உட்காரலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அதன் பின்னாலேயே துணி வந்து நிற்கும்.

உங்கள் வீட்டில் எந்த நேரம் தோதுப்படுகிறது? எழுதுங்கள். ஷிப்டையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்