விடை கிடைக்காத நாளிலும் விசுவாசம்

முதுகுத்தண்டில் அடிபட்டுக் கால்கள் செயலிழந்தவர்களையும், பக்கவாதத்தால் ஒரு கை, ஒரு கால் தளர்ந்துபோனவர்களையும் கவனிக்கும் மருத்துவர்களாகிய எங்களிடம் இரண்டு வகைக் கேள்விகள் வருகின்றன. ‘இது எப்படி நேர்ந்தது?’ என்பது ஒன்று. அதற்கு எங்களால் விடை கூற முடியும். ஸ்கேன் படத்தைக் காட்டி, எந்த எலும்பு நொறுங்கியது, எந்த இடத்தில் நரம்பு நசுங்கியது என்று விளக்கலாம். ‘இது ஏன் எனக்கு நேர்ந்தது? யாருக்கு நான் என்ன தீங்கு செய்தேன்?’ என்பது மற்றொன்று. அதற்கு எந்த ஸ்கேனிலும் விடை இல்லை.

கிறிஸ்தவக் குடும்பங்களில் இந்த இரண்டாம் கேள்விக்கு உறவினர் சிலர் அவசரப்பட்டு விடை கொடுத்துவிடுகிறார்கள். ‘உன் விசுவாசம் போதாது’ என்கிறார் ஒருவர். ‘அறிக்கையிடாத பாவம் ஏதோ இருக்கிறது’ என்கிறார் இன்னொருவர். அவர்கள் எழுந்து சென்ற பின் நோயாளி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். அன்று மாலை பயிற்சிக்கு அழைத்தாலும் அவர் வருவதில்லை. ஆகவே இப்பொருள் குறித்து எங்கள் கருத்தை வெளிப்படையாகக் கூற விரும்புகிறோம். தேவனை நம்புவது என்பது, குணமாகிவிடுவோம் என்று அடித்துக் கூறுவது அன்று. குணமானாலும் ஆகாவிட்டாலும் அவர் நம்மைக் கைவிடவில்லை என்று பற்றிக்கொண்டு, இன்றைய நாளுக்குரியதைச் செய்வதே விசுவாசம்.

நோயைத் தண்டனையாகக் காண்பதற்கு வேதம் இடங்கொடுக்கிறதா? பிறவியிலேயே பார்வையற்றிருந்த ஒருவனைக் கண்டு, பாவம் செய்தவன் இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீடர்கள் கேட்டபோது, இருவருமில்லை என்றே இயேசு மறுமொழி கூறினார். யோபுவின் நண்பர்கள் மூவரும் அவரோடு ஏழு நாள் தரையில் அமர்ந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அவர்கள் செய்த நன்மை அந்த ஏழு நாள்தான். வாய் திறந்து காரணம் கற்பிக்கத் தொடங்கியபோதே தவறினார்கள். கடைசியில் தேவனுடைய கோபம் அந்த நண்பர்கள்மீதே வந்தது. யோபுவுக்கோ, தாம் பட்ட பாடுகளின் காரணம் இறுதிவரை சொல்லப்படவில்லை. நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் இதை நினைவில் வைத்தால் போதும். சற்று நேரம் அருகில் அமர்ந்திருங்கள். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். காரணம் சொல்ல வேண்டாம்.

விசுவாசமும் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்ற எண்ணமும் சிலரிடம் இருக்கிறது. ஜெபக் கூட்டத்திலிருந்து திரும்பியதும் மாத்திரைகளை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால், வலிப்பு அடுத்தடுத்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இன்சுலின் இன்றியமையாத நீரிழிவு நோயாளி அதை நிறுத்தினால் சில நாள்களிலேயே நினைவிழக்கும் நிலைக்குச் செல்லக்கூடும். டயாலிசிஸைத் தவிர்க்கிறவருக்கு இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்து இதயம் நின்றுவிடலாம்.

எசேக்கியா ராஜா வியாதிப்பட்ட வரலாற்றைப் படித்துப் பாருங்கள். அவர் கண்ணீரோடு ஜெபித்தார், தேவன் கேட்டார், ஆயுளையும் கூட்டிக் கொடுத்தார். அதே இடத்தில்தான், அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து கட்டியின்மேல் பற்றுப்போடும்படி ஏசாயா தீர்க்கதரிசி கூறுகிறார். ஜெபம் கேட்கப்பட்ட பின்னும் மருந்து விலக்கப்படவில்லை. எனவே, ஜெபத்திற்குப் பின் உடல் தேறியிருப்பதாக உணர்ந்தால் மகிழ்ச்சியோடு எங்களிடம் வாருங்கள். பரிசோதித்துப் பார்த்து, குறைக்கக்கூடிய மருந்தை முறையாகக் குறைப்போம். தேவன் செய்த நன்மை எந்தப் பரிசோதனைக்கும் அஞ்ச வேண்டியதில்லை.

கேட்டது கிடைக்காத ஜெபங்களும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. தம் பாத்திரம் நீங்கும்படி கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே வேண்டினார், அது நீங்கவில்லை. தம் உடலில் இருந்த முள் அகலும்படி பவுல் மூன்று தரம் வேண்டிக்கொண்டார், அது அகலவில்லை. அதைத் தாங்குவதற்கான கிருபையே அவருக்குக் கிடைத்தது. ஆகவே, படுக்கையில் கிடந்து அழுகிறவரைப் பார்த்து ‘விசுவாசி அழலாமா?’ என்று கேட்பது முறையன்று. அழுதுகொண்டே பற்றிக்கொள்வதும் விசுவாசமே.

இதற்குச் சான்றாக, நம் மண்ணில் பணியாற்றிய ஒருவரின் வாழ்வைக் குறிப்பிட விரும்புகிறோம். கொச்சியில் பிறந்த மேரி வர்கீஸ், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இளம் மருத்துவராக இருந்தபோது, 1954-ஆம் ஆண்டு வாகன விபத்தொன்றில் சிக்கினார். முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழ் உணர்வும் அசைவும் அற்றுப்போயின. முகத்திலும் கடுங்காயம். நின்றுகொண்டு அறுவை சிகிச்சை செய்யும் வாழ்க்கை அத்தோடு முடிந்துவிட்டதென்றே யாரும் எண்ணியிருப்பர்.

அக்காலத்தில் வேலூரில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சையால் நிமிர்த்திக்கொண்டிருந்தார். கை அறுவை சிகிச்சையை அமர்ந்தபடியே செய்யலாம். மேரி அப்பணியைக் கற்றார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே, பிறர் தொடவும் அஞ்சிய கைகளுக்குச் சிகிச்சை அளித்தார். பின்னர் நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் தொடங்கப்பட்டது. 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 1986-இல் அவர் மறைந்தார்.

இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று. மேரியின் கால்கள் திரும்பவில்லை. விபத்து நடந்ததே நல்லது என்று கூறவும் நமக்கு உரிமையில்லை. இழப்பு இழப்பே. ஆனால், எஞ்சியிருந்த இரு கைகளை அவர் தேவனிடம் ஒப்புக்கொடுத்தார். போனதைக் குறித்த கேள்விக்கு விடை கிடைக்காத நிலையிலும், இருப்பதைக் கொண்டு என்ன செய்வது என்பதற்கு வழி திறந்தது. அதுவும் ஒரே நாளில் திறந்துவிடவில்லை. பல ஆண்டுகள், ஒவ்வொரு படியாகவே திறந்தது.

எல்லாராலும் மேரி வர்கீஸ் ஆக முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். வேண்டியதில்லை. வாழ்வின் நோக்கம் என்பது பெரும்பாலும் சிறிய உருவில்தான் வருகிறது. படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறக் கற்றுக்கொண்ட ஒருவர், நேற்று வந்து சேர்ந்த பக்கத்துப் படுக்கைக்காரருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கிறார். நாங்கள் பத்து முறை கூறியும் ஏறாதது, அவர் ஒரு முறை செய்து காட்டியதும் ஏறிவிடுகிறது. பேச்சுத் தடைபட்ட முதியவர், தம்மைப் பார்க்க வருகிறவர்களின் பெயர்களை மனத்தில் வைத்து அவர்களுக்காக ஜெபிக்கிறார். இவையும் ஊழியமே.

பராமரிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. படுக்கைப் புண் வராதிருக்க இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்கும் மனைவியின், தாயின், மகனின் உழைப்பு எந்தச் சபையிலும் சாட்சியாகக் கூறப்படுவதில்லை. எங்கள் பார்வையில் அது மிக உயர்ந்த ஆராதனை. ஆனால் நீங்களும் உடல் கொண்ட மனிதர்களே. எலியா தீர்க்கதரிசி சோர்ந்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளும்படி தேவனிடம் வேண்டிப் படுத்துவிட்டபோது, தேவதூதன் அவருக்கு உபதேசம் செய்யவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தான், உறங்கவிட்டான், மீண்டும் எழுப்பி உண்ணச் செய்தான். ஆகவே இரவுக் காவலை முறை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் இரத்த அழுத்த மாத்திரையைத் தவறாமல் உண்ணுங்கள். உதவ முன்வரும் உறவினரிடமும் சபையாரிடமும், ‘ஜெபித்துக்கொள்ளுங்கள்’ என்பதோடு நில்லாமல், ‘சனிக்கிழமை இரவு வந்து உடனிருங்கள்’ என்றும் கேளுங்கள். சுமையைப் பகிர்ந்துகொள்வது விசுவாசக் குறைவு ஆகாது.

இவ்விதழை வாசிப்போரில் பிற சமயத்தினரும் உள்ளனர் என்பதை அறிவோம். நாங்கள் அறிந்த வழியில் நின்று இதனை எழுதியிருக்கிறோம். உங்களுக்கான சிகிச்சையிலோ அன்பிலோ எவ்வித வேறுபாடும் இராது.

‘ஏன் எனக்கு?’ என்ற கேள்வியை எங்களிடமும் தயங்காமல் கேளுங்கள். எங்களிடம் விடை இருக்காது. ஆனால் கேட்பதற்குக் காது உண்டு. அதன்பின், நாளைக் காலைப் பயிற்சி எத்தனை மணிக்கு என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு எங்களிடம் விடை உண்டு.