ரெண்டுல எது பெஸ்ட் மாமா?

இயர்போன் என்று நாம் எழுதினாலும் எங்கள் மீஞ்சூரில் அதற்குப் பெயர் ஹெட்செட்தான். காதில் செருகினாலும் ஹெட்செட், கழுத்தில் மாலையாகத் தொங்கினாலும் ஹெட்செட். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா மகன் இரண்டு ஹெட்செட்டோடு வந்து நின்றான். ஒன்று பழசு, ஒயர் வைத்தது, 350 ரூபாய். காது மடலில் சும்மா உட்காரும் ரகம். இன்னொன்று புதுசு, ப்ளூடூத், 1,400 ரூபாய். துளைக்குள் ரப்பர் மூடி போய் அடைத்துக்கொள்ளும் ரகம்.

“ரெண்டுல எது பெஸ்ட்னு சொல்லுங்க மாமா. எனக்குப் புதுசுதான் வேற லெவலா தெரியுது. ஆனா ஃப்ரெண்டு ஒருத்தன் ஒயர்தான் ஒரிஜினல் சவுண்டுன்னு சொல்றான்.”

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை, தினமும் ரயில். வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் அவன் காதில் ஏதாவது ஒன்று இருக்கும். எனக்கும் பொழுது போகவேண்டும். சரி, பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தோம்.

முதலில் அவன் எப்படிக் கேட்டு முடிவு செய்தான் என்று பார்த்தேன். போனில் வால்யூம் 15 படி. இரண்டையும் 10-ல் வைத்துக் கேட்டிருக்கிறான். நியாயமான பரீட்சை மாதிரிதான் தெரியும். ஆனால் ஒரே படியில் வைத்தாலும் எல்லா ஹெட்செட்டும் ஒரே அளவு சத்தம் தராது. செய்தி வாசிக்கும் குரலை ஓடவிட்டு, மாற்றி மாற்றிக் கேட்டு, இரண்டும் ஒரே சத்தமாகக் கேட்கும் இடத்தைத் தேடினோம். பழசு 10-ல் இருந்தால் புதுசு 7-க்கு வரவேண்டியிருந்தது. அதாவது அவன் இதுவரை ஒப்பிட்டது இரண்டு ஹெட்செட்டை அல்ல; சின்ன சத்தத்தையும் பெரிய சத்தத்தையும்.

பெரிய சத்தம் எப்போதும் ஜெயிக்கும். காரணம் நம் காதிலேயே இருக்கிறது. 1933-லேயே அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் இதை அளந்து காட்டினார்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது கீழ்ஸ்தாயி ஒலிகளை நம் காது சரியாகப் பிடிப்பதில்லை. சத்தம் கூடக் கூடத்தான் ‘பேஸ்’ எழுந்து வரும், பாட்டு நிறைவாகத் தெரியும். பழைய ஆம்ப்ளிஃபயர்களில் ‘லவுட்னெஸ்’ என்று ஒரு பட்டன் இருக்குமே, குறைந்த சத்தத்தில் காது விடுகிற பேஸை ஈடுகட்டத்தான் அது. எங்கள் வீட்டில் அதைக் கடைசிவரை அழுத்தியே வைத்திருந்தோம், எதற்கென்று தெரியாமல்.

சத்தத்தைச் சமமாக்கிய பிறகு, மிருதங்கத் தனி ஆவர்த்தனம் ஒன்றைப் போட்டோம். ஹெட்செட்டைச் சோதிக்க மிருதங்கத்தைவிட நல்ல வாத்தியம் எனக்குத் தெரியாது. தொப்பிப் பக்கம் அடிவயிற்று ஒலி, வலந்தலைப் பக்கம் கூர்மையான ஒலி, இரண்டும் ஒரே ஆளின் கையில். பழசில் வலந்தலை ஒவ்வொரு விரலாகக் கேட்டது. தொப்பி மட்டும் அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல் இருந்தது. புதுசில் தொப்பி குளம்போல விரிந்து வலந்தலையின் மேலேயே ஏறியது. அடுத்து இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’. வயலின் பழசில் கிட்டத்தில் நின்றது, புதுசில் ஒரு திரைக்குப் பின்னால் போனது.

இடையில், “லெஃப்ட்ல பேஸே இல்ல மாமா” என்றான். இடது பக்க ரப்பர் மூடி அவன் காதுக்குச் சின்னது. துளை சரியாக அடையாவிட்டால் பேஸ் அந்த இடுக்கு வழியே போய்விடும். பெட்டியோடு மூன்று அளவு மூடி வந்திருக்கிறது, அவன் பிரிக்கவே இல்லை. பெரியதை மாட்டியதும் சரியானது. பாதிப் பேர் ஹெட்செட்டைத் திட்டுவது இந்த ரப்பரால்தான் என்பது என் எண்ணம்.

ஆக, வீட்டில் ஒயருக்கே என் ஓட்டு. பையன் முகம் வாடிவிட்டது. அப்போது என் அம்மா, அவனுக்கு ஆயா, சமையலறையிலிருந்து ஒரு கேள்வி கேட்டார்.

“அதெல்லாம் இருக்கட்டும். இவன் ஏண்டா இப்பல்லாம் டிவியை அவ்ளோ சத்தமா வைக்கிறான்?”

அவன் சிரித்தான். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் மட்டும் சொன்னான்: “நைட்ல படுத்தா காதுக்குள்ள ஙொய்யின்னு ஒரு சவுண்டு மாமா. ஒரு மாசமா.”

மறுநாள் அவனோடு ரயில் ஏறினேன். “பழச மாட்டு, வழக்கமா கேக்கற மாதிரி வை” என்றேன். மீஞ்சூரில் 10-ல் தொடங்கினான். அனுப்பம்பட்டு வருவதற்குள் 12. எதிரே ஒரு கூட்ஸ் கடந்தபோது 14. பொன்னேரியில் கூட்டம் ஏறிய பிறகும் அங்கேயே நின்றது. பக்கத்தில் உட்கார்ந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பவில்லை. கவரைப்பேட்டைக்கு முன்னால் புதுசை மாட்டச் சொன்னேன். ரப்பர் அடைத்ததும் சக்கரச் சத்தம் தள்ளிப் போனது. 6-லேயே பாட்டு தெளிவாகக் கேட்கிறது என்றான். வீட்டுக் கணக்குப்படி பழசின் 9-க்கும் கீழே அது. வீட்டில் தோற்ற ஹெட்செட் ரயிலில் ஜெயித்துவிட்டது.

14-ல் எத்தனை டெசிபல் என்று அளக்க என்னிடம் கருவி இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு மட்டும் தெரியும்: 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 90-க்குப் போனால் வாரம் 4 மணி நேரம்தான். ஆறு நாள் வேலை, போகவர ஒரு மணி நேரம் என்றால், ரயிலிலேயே 6 மணி நேரம் ஆகிறது. அவன் நிற்பதோ பிரஸ் ஷாப்பில்; அந்தச் சத்தம் தனிக் கணக்கு.

காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். கண்ணாடி அறையில் உட்காரவைத்து ‘பீப்’ கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். வரைபடத்தில் கோடு நேராக வந்து, 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இரண்டு காதிலும் கொஞ்சம் பள்ளம் விழுந்து மறுபடி ஏறியது. சத்தத்தால் வரும் பாதிப்பு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குமாம். உள்காதில் இருக்கும் நுண்ணிய மயிர்செல்கள் போனால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. பேச்சில் முதலில் மங்குவது ‘ச’, ‘ஸ’, ‘ஃப’ மாதிரி மெல்லிய ஒலிகள். டிவியில் பேசுவது “கேக்குது, ஆனா புரியல” என்று அவன் கூட்டியது அதற்காகத்தான்.

“பள்ளம் சின்னதுதான், இதோட நிறுத்திக்கலாம்” என்றார் டாக்டர். ஷாப்பில் கம்பெனி தரும் காதடைப்பானைக் கட்டாயம் போடவேண்டும். “அதுக்குப் பதிலா இந்த ரப்பர் ஹெட்செட்டையே போட்டுக்கலாமா?” என்று கேட்டான். கூடவே கூடாது, மிஷின் சத்தத்தை மீறிப் பாட்டைக் கூட்டத்தான் கை போகும் என்றார். நான் இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டேன்: தண்டவாளம் தாண்டும்போது இரண்டும் கழுத்துக்கு வந்துவிட வேண்டும். ரயில் சத்தத்தைத் தள்ளிவைக்கும் ரப்பர், வருகிற ரயிலின் சத்தத்தையும் தள்ளிவைக்கும்.

இப்போது ரயிலில் புதுசு, 6-ஐத் தாண்டுவதில்லை என்கிறான். ஆறு மாதம் கழித்து மறுபடி வரைபடம் எடுக்க வேண்டும். பழைய ஒயர் ஹெட்செட்டை ஆயா எடுத்துக்கொண்டார், மதியம் கச்சேரி கேட்க. நேற்று எட்டிப் பார்த்தேன். 13-ல் வைத்திருந்தார்.