6000 வோல்ட்டும் ஒரு பழைய பாட்டும்!

நல்ல நவம்பர் மழை. ராத்திரி பத்து மணிக்கு ஒரு போன். கேளம்பாக்கத்துல மாமா வீட்டுல தங்கி இ.சி.இ. மூணாவது வருஷம் படிக்கிற தம்பி அவன்.

"அண்ணா, மாமாவோட ஸ்பீக்கருக்கு புது ஒயர் போட்டேன். இப்போ 'உஸ்ஸு'ன்னு சத்தம் வருது. பாட்டு ஓடும்போதே பின்மூடியைக் கழட்டி, எங்கே ஸ்பார்க் அடிக்குதுன்னு பார்த்துடட்டுமா? வோல்டேஜ்தான் ஜாஸ்தி, கரண்ட் கம்மிதானே?"

"முதல்ல பிளக்கைப் பிடுங்கு தம்பி. மத்ததைக் காலையில பேசலாம்"னு சொல்லி வெச்சுட்டேன். ஆனா எனக்குத் தூக்கம் வரலை. இந்த வாரம் அந்த 'கரண்ட் கம்மிதானே' பற்றித்தான் பேசப் போறோம்.

மாமா வெச்சிருந்தது குவாட் ஈ.எஸ்.எல். இங்கிலாந்துல ஹன்டிங்டன் என்ற ஊரில் பீட்டர் வாக்கர் உருவாக்கி, 1957ல் விற்பனைக்கு வந்த எலெக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கர். பார்த்தா ரூம் ஹீட்டர் மாதிரி இருக்கும். ஆனா கேட்டவங்க கிறங்கிப் போவாங்க. 1985 வரைக்கும் தயாரிச்சாங்க. அதாவது, கடைசியா வந்த ஜோடிக்கே வயசு 40க்குக் குறையாது!

நம்ம வீட்டு ஸ்பீக்கர்ல காந்தம், காயில், கோன் இருக்கும் இல்லையா? இதுல அது எதுவும் கிடையாது. மெலிசான ஒரு பிளாஸ்டிக் ஃபிலிம். அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஓட்டை போட்ட ரெண்டு தகடுகள். ஃபிலிமுக்கு எப்பவும் ஹை வோல்டேஜ் சார்ஜ் இருக்கும். பேஸ் பேனலுக்கு சுமார் 6000 வோல்ட், நடுவுல இருக்கற ட்ரெபிள் பேனலுக்கு சுமார் 1500. ரெண்டு தகட்டுக்கும் பாட்டு சிக்னல் போகும். ஒரு தகடு இழுக்க, இன்னொண்ணு தள்ள, ஃபிலிம் ஆடும். அதுதான் பாட்டு. பழைய டியூப் டி.வி. முன்னாடி கையை நீட்டினா முடி சிலிர்க்குமே... அதே ஸ்டாடிக் சமாச்சாரம்தான்.

சரி, பிரச்னை எங்கே? அந்த 6000 வோல்ட்டைக் கொண்டு போற ஒயர்லதான். வருஷக்கணக்கில் இன்சுலேஷன் விறைச்சுப் போய், கீறல் விடும். அதுல தூசி உட்காரும். கேளம்பாக்கமோ உப்பளத்துக்குப் பேர்போன ஊர். கோவளம் கடற்கரையும் பக்கம். காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா உப்புத் துகள் தானாகவே தண்ணியை இழுத்துக்கும். மழைக்காலத்துல நம்ம வீட்டு உப்பு டப்பாவே அதுக்கு சாட்சி! அந்த ஈர உப்புப் படலம் வழியா சார்ஜ் கசிய ஆரம்பிக்கும்.

'துளியூண்டு கசிவுக்கு இவ்ளோ பில்டப்பா?'ன்னு கேட்காதீங்க. ஒரு கணக்கு போடுவோம். சப்ளைக்கும் ஃபிலிமுக்கும் நடுவுல 10 கோடி ஓம் ரெசிஸ்டர் இருக்குன்னு வெச்சுக்கோங்க. கசிவும் அதே 10 கோடி ஓம். ரெண்டும் பாதிப் பாதி பங்கு போட்டுக்கும். 6000 போய் 3000 ஆயிடும். சத்தம் 6 டெசிபெல் இறங்கிடும். மாமாவும், 'ஒரு பக்கம் செத்துப் போச்சு'ன்னு அதைக் காயலான் கடைக்குத் தூக்கிப் போட இருந்தார். தம்பிதான் 'நான் பார்க்கறேன்'னு தடுத்திருக்கான். மனசு நல்ல மனசுதான். போட்ட ஒயர்தான் தப்பு!

அவன் போட்டது வீட்டு வயரிங்குக்கு வாங்கற சாதா ஒயர். அதை எடுத்துப் பாருங்க, மேலேயே '1100 வோல்ட்'னு அச்சடிச்சிருக்கும். அதுல 6000 அனுப்பினா 'உஸ்'னாமல் என்ன செய்யும்? இதுக்கு 10,000 வோல்ட்டுக்கு மேல் தாங்கற சிலிக்கான் இன்சுலேஷன் ஒயர் வேணும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்கும்போது, 'தடியா ஒரு ஒயர் குடுங்க'ன்னு கேட்காதீங்க. எத்தனை வோல்ட் தாங்கும்னு கேளுங்க.

சால்டரிங்லயும் ஒரு சூட்சுமம் இருக்கு. கூர்மையான இடத்துலதான் சார்ஜ் கூடும். இடிதாங்கிக்குக் கூர் முனை வைக்கறாங்களே, நினைச்சுக்கோங்க. அதனால ஈயம் முள்ளு மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கக் கூடாது, மிளகு மாதிரி உருண்டையா, வழவழன்னு இருக்கணும். பிசின் மிச்சத்தை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால துடைச்சு, நல்லாக் காய விடணும். ஒயர்களைக் கத்தையாக் கட்டாம, உலோகச் சட்டத்துல உரசாம, தனித்தனியா விடணும்.

இப்போ முக்கியமான மேட்டர். 'கரண்ட் கம்மி' என்பது உண்மையா? ஒரே ஒரு ஒயருக்கு மட்டும் உண்மை! அந்தப் பெரிய ரெசிஸ்டரைத் தாண்டி ஃபிலிமுக்குப் போற ஒயர்ல, நம்ம கணக்குப்படி, 0.06 மில்லிஆம்பியர்தான் வரும். ஆனா ரெசிஸ்டருக்கு முன்னாடி இருக்கற கப்பாசிட்டர்ல சார்ஜ் தேங்கியிருக்கும். அதுக்கும் முன்னாடி 230 வோல்ட் மெயின்ஸ். இன்னொரு பக்கம், ஆம்ப்ளிஃபயர்ல இருந்து வர்ற பாட்டை ஆயிரக்கணக்கான வோல்ட்டா ஏத்தற டிரான்ஸ்ஃபார்மர். பாட்டு ஓடும்போது அதுக்குப் பின்னால இருக்கறது ஆம்ப்ளிஃபயரோட முழு பவர். உயிரை எடுக்க அது போதும். தம்பி மூடியைக் கழட்டிப் பார்க்க நினைச்சது அந்த நேரத்துலதான்!

'வீட்டுல ஆர்.சி.சி.பி. இருக்கே, 30 மில்லிஆம்பியர்ல கட் பண்ணிடுமே'ங்கறீங்களா? பண்ணாது பாஸ். டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம் நீங்க மாட்டிக்கிட்டா, கரண்ட் அங்கேயே சுத்தி வந்துடும். ஆர்.சி.சி.பி.க்கு அது தெரியவே தெரியாது.

மல்டிமீட்டரையும் நம்பாதீங்க. சாதா மீட்டர் 1000 வோல்ட் வரைக்கும்தான். 6000ல வெச்சா மீட்டரே காலியாகலாம். தப்பிச்சாலும், அதோட உள் ரெசிஸ்டன்ஸ் 1 கோடி ஓம்தான் என்பதால, நம்ம உதாரண சர்க்யூட்ல சுமார் 545னு பொய் சொல்லும். அதைப் பார்த்து 'அட, இவ்ளோதானா'ன்னு கை வெச்சீங்கன்னா..? ஹை வோல்டேஜ் ப்ரோப் இல்லாம அளக்கவே கூடாது.

முறை இதுதான். ஸ்பீக்கர் பிளக்கைப் பிடுங்கணும். ஆம்ப்ளிஃபயரையும் ஆஃப் பண்ணி, அதோட ஒயரையும் கழட்டணும். நல்லா நேரம் விட்டு, ஹை வோல்டேஜ் தாங்கற ரெசிஸ்டர் வழியா மிச்ச சார்ஜை வடிக்கணும். ஸ்குரூ டிரைவரால 'டப்'புன்னு ஷார்ட் பண்றது ஹீரோயிசம் இல்லை. ஒரு கை வேலை பார்க்கட்டும், இன்னொரு கை முதுகுக்குப் பின்னால இருக்கட்டும். பக்கத்துல கண்டிப்பா ஒரு ஆள் வேணும், அதுவும் விவரம் தெரிஞ்ச ஆள்.

தம்பிக்குக் கிடைச்ச ஆள் யார் தெரியுமா? பக்கத்துத் தெரு பழைய டி.வி. மெக்கானிக். பிக்சர் டியூபில் 20,000 வோல்ட்டுக்கு மேல பார்த்த கை அது! இப்போ டியூப் டி.வி. ரிப்பேருக்கு வர்றதே இல்லைன்னு சும்மா உட்கார்ந்திருந்தவர். அவர் ஸ்டூல்ல உட்கார்ந்து சொல்லச் சொல்ல, தம்பி செஞ்சான். ரெண்டு ஞாயிற்றுக்கிழமை ஆச்சு. மூணாவது ஞாயிறு, ரெண்டு பக்கமும் பாட்டு வந்துச்சு. மாமா ஒண்ணும் பேசலையாம். எழுந்து போய் மெக்கானிக்குக் காபி போட்டுக் கொண்டு வந்தாராம்.

உங்க ஏரியாவிலும் அப்படி ஒருத்தர் சும்மா உட்கார்ந்திருப்பார். புத்தகத்துல வராத பாடம் அவர்கிட்ட இருக்கு. மூடியைக் கழட்டறதுக்கு முன்னாடி அவரைத் தேடிப் பிடிங்க. அடுத்த வாரம் பார்ப்போமா?